25,000 கோழிக்குக் கூரை போடுமுன்

கேள்வி: வணக்கம் டாக்டர். மலேசியாவில், பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பா பால்மரம் வெட்டிச் சேர்த்த காசில் வாங்கிய இரண்டரை ஏக்கர் நிலம் என் பெயரிலும் தம்பி பெயரிலும் இருக்கிறது. ஒரு பக்கம் செம்பனை, மறுபக்கம் ஓடை. ஓடைக்குக் கீழே எங்கள் தாமான் (குடியிருப்பு), மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி. ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு 25,000 கோழிக்கு மூடிய கொட்டகை கட்டலாம், நிலத்தை அடகு வைக்கலாம் என்கிறான் தம்பி. பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகள் கைப்பேசியில் எதையெதையோ பார்த்துவிட்டு, மாமா செய்யப்போவது பாவம் என்று சொல்லி, கோழி சாப்பிடுவதையே விட்டுவிட்டாள். "நாம வளர்க்கலேன்னா வேற எவனாச்சும் வளர்க்கத்தான் போறான். இது பழைய கொட்டகை மாதிரி நாறாது, ஈயும் வராது" என்பது தம்பியின் பேச்சு. எங்களுக்கு இரண்டு மைல் தள்ளி ஏற்கனவே ஒரு பண்ணை இருக்கிறது. அங்கே எரு அள்ளும் வாரமெல்லாம் எங்கள் சோற்றுத் தட்டில் ஈதான். ஊசி போட்டுத்தான் கோழியைப் பெருக்க வைக்கிறார்கள் என்றும் சொல்கிறார்கள். நான் யார் பக்கம் நிற்பது? கையெழுத்துப் போடலாமா?

— பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: அன்புச் சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போது இருக்கிற நிலையில் கையெழுத்துப் போடாதீர்கள். கோழி வளர்ப்பே கூடாது என்று சொல்கிறவன் இல்லை நான். கால்நடை மருத்துவனாகப் பண்ணை பண்ணையாக ஏறி இறங்கிப் பிழைத்தவன், கோழிக்குழம்பும் சாப்பிடுகிறவன். ஆனால் உங்கள் தம்பி கேட்பது கோழி வளர்க்கும் வேலையைப் போலத் தெரியவில்லை. நிலமும் கடனும் உங்களுடையது, கோழியைப் பற்றிய முடிவெல்லாம் கம்பெனியுடையது என்கிற ஏற்பாடாகத் தெரிகிறது. உங்கள் மகளுடைய கவலையும் பக்கத்து வீட்டுக்காரர்களின் ஈத் தொல்லையும் அந்த ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன.

ஊசிக் கதையை முதலில் ஓரங்கட்டிவிடுவோம். கோழி பெருக்க யாரும் ஹார்மோன் ஊசி போடுவதில்லை. 25,000 கோழியை ஒவ்வொன்றாகப் பிடித்துக் குத்துவதற்கு எந்தத் தவுக்கே (முதலாளி) கூலி கொடுப்பார்? பண்ணையில் கொடுப்பது நோய்த் தடுப்பு மருந்து, அதையும் பெரும்பாலும் குடிதண்ணீரில் கலந்தோ மேலே தெளித்தோதான் கொடுக்கிறார்கள். உண்மை நிலவரம் ஊசியைவிடச் சங்கடமானது. வேகம் அந்தக் கோழியின் பிறப்பிலேயே இருக்கிறது. கனடாவில் அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய மூன்று காலத்து ரகங்களை ஒரே தீவனம் போட்டு ஒன்றாக வளர்த்துப் பார்த்தார்கள். 56ஆம் நாளில் 1957 ரகம் 905 கிராம் இருந்தது, 1978 ரகம் 1,808 கிராம், 2005 ரகம் 4,202 கிராம். தீவனம் ஒன்றுதான், ஊசி கிடையாது. தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இணை சேர்த்ததில் வந்த எடை அது.

நம் ஊர்க் கொட்டகைகளில் இந்த ரகம் 32 முதல் 35 நாளில் இரண்டு கிலோவைத் தொட்டு லோரி ஏறிவிடுகிறது. அடுத்த முறை சாலையில் கோழி லோரி பக்கத்தில் வந்து நின்றால் காது கொடுத்துக் கேளுங்கள். கொக்கரிக்காது, குஞ்சு மாதிரி கீச்சு கீச்சென்றுதான் கத்தும். உடம்பு பெரிய கோழி, வயதில் குஞ்சு. நெஞ்சுக்கறி ஏறுகிற வேகத்துக்கு இதயமும் நுரையீரலும் ஈடுகொடுக்காமல் சிலவற்றுக்கு வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். நன்றாகத் தின்றுகொண்டிருந்த சேவல் ஒன்று திடீரென்று இறக்கையை அடித்துக்கொண்டு மல்லாந்து செத்துக் கிடக்கும். கடைசி வாரத்தில் பல கோழிகள் நாலடி நடந்து தண்ணீர்க் குழாய்க்குப் போவதற்கே யோசிக்கும். உங்கள் தம்பி எவ்வளவு இரக்கக்காரராக இருந்தாலும் இதை அவரால் மாற்ற முடியாது, ஏனென்றால் குஞ்சுப் பெட்டி வந்து இறங்கும்போதே இந்தப் பாடும் அதோடு இறங்கிவிடுகிறது. இந்தக் குஞ்சுகளின் தாய்க்கோழிகள் நிலைமை இன்னும் மோசம். அவற்றுக்கு வயிறாரப் போட்டால் பருத்துப்போய் முட்டையும் குறையும், ஆயுளும் குறையும். அதனால் அளந்துதான் போடுகிறார்கள். அந்தக் கோழிகள் வாழ்நாளில் பெரும்பகுதி பசியோடு இருக்கின்றன.

மகளிடம் ஒன்று மட்டும் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். கோழியை விட்டவள் முட்டையையும் விட்டாளா? முட்டைக் கோழியின் பாடு கறிக்கோழியைவிட நீளமானது. கம்பிக் கூண்டில் ஒரு வருடத்துக்கும் மேல் இருக்கும், இறக்கையை முழுதாக விரிக்க முடியாது. அந்த ரகத்தில் பொரிக்கும் சேவல் குஞ்சு முட்டையும் இடாது, கறியும் வைக்காது என்பதால் பொரித்த அன்றே கொன்றுவிடுவார்கள். ஐரோப்பிய ஒன்றியம் பழைய வகைக் கூண்டை 2012இல் நிறுத்தியது. சேவல் குஞ்சுகளைக் கொல்வதை ஜெர்மனி 2022இல் தடை செய்தது. நம் பசாரில் கிடைக்கிற முட்டையில் பெரும்பங்கு இன்னும் கூண்டு முட்டைதான்.

இனி தம்பியின் பேச்சுக்கு வருவோம். மூடிய கொட்டகை நல்லது என்று அவர் சொல்வதில் பாதி சரி. பழைய திறந்த கொட்டகையில் மதிய வெயிலுக்குக் கோழிகள் வாயைப் பிளந்து இளைத்து இளைத்துச் சாகும். கோழிக்கு வேர்க்காது, மூச்சால்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். மூடிய கொட்டகையில் பெரிய காற்றாடிகள் ஒரு முனையில் காற்றை உறிஞ்ச, மறுமுனையில் நனைந்த அட்டைச் சுவர் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். காட்டுப் பறவை நுழையாது, எலி குறையும், ஈயும் ஓரளவு குறையும். ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் நனைந்த அட்டை எவ்வளவுதான் குளிர்விக்கும்? துணி காயாத நாளில் அதுவும் சரியாக வேலை செய்யாது. மின்சாரம் போய், ஜெனரேட்டரும் கிளம்பாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் கொட்டகை முழுக்கப் பிணமாகக் கிடக்கலாம். 25,000 கோழியை எங்கே புதைப்பது என்று தம்பியிடம் கேளுங்கள், அந்த ஓடைக் கரையிலா?

உள்ளே இடம் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் 15 கோழி என்று வைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏ4 தாளைவிடக் கொஞ்சம்தான் பெரிய இடம். குஞ்சாக இருக்கும்போது அது மைதானம், கடைசி வாரத்தில் தோளோடு தோள். கீழே விரித்த உமியில்தான் எச்சம், சிந்திய தண்ணீர், தீவனம் எல்லாம். ஈரம் ஏற ஏற எச்சத்திலிருந்து அமோனியா கிளம்பும். கண் எரியும், மூச்சுக்குழாய் புண்ணாகும். அங்கேயே வேலை செய்பவருக்கு இரண்டு வாரத்தில் மூக்கு பழகிப்போய் "ஒண்ணும் நாத்தமே இல்லையே" என்பார். கோழி மூக்கின் உயரத்துக்குக் குனிந்து முகர்ந்து பார்த்தால்தான் தெரியும். ஆதாரம் வேண்டுமானால் பசாரில் கோழிக்கால் விற்கும் தட்டைப் பாருங்கள். பாதத்தின் அடியில் கறுப்பாக வட்டமாக ஒரு பொருக்கு இருந்தால், அந்தக் கோழி ஈர எருவில் நின்றே வளர்ந்தது என்று அர்த்தம். சுத்தம் செய்து நகம் வெட்டித்தான் வைத்திருப்பார்கள், ஆனால் அந்தத் தழும்பு போகாது.

அதே ஈரம்தான் உங்கள் சோற்றுத் தட்டுக்கு ஈயை அனுப்புகிறது. நம் வெயிலில் ஈ முட்டையிட்டு, புழுவாகி, பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும், எரு சொதசொதவென்று இருந்தால். காய்ந்த எருவில் புழு பிழைக்காது. கொட்டகைக்குள் ஈ குறைவு என்பதால் தம்பி நிம்மதியாக இருக்கிறார். எரு வெளியே வந்தபிறகு எங்கே போகும் என்று அவர் சொல்லவில்லை. கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போமா? 25,000 கோழி ஆளுக்கு இரண்டு கிலோ என்றால் 50 டன் உடம்பு. ஒரு கிலோ எடைக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் தீவனம் என்று வைத்தால் ஒரு கூட்டத்துக்கு, அதாவது ஒரு முறை வளர்த்து விற்பதற்கு, 80 டன். குடிக்கிற தண்ணீர் அதைப்போல இரு மடங்குக்குப் பக்கத்தில். உமியோடு சேர்த்து எரு, கோழிக்கு ஒரு கிலோ என்று குறைத்தே பிடித்தாலும் 25 டன். ஆண்டுக்கு ஐந்தாறு கூட்டம் ஓடும். இரண்டரை ஏக்கரில் அவ்வளவு எருவையும் போட்டால் பயிர் கருகிவிடும். பச்சையாகச் செம்பனைக்கு விற்றால் உங்கள் தாமானில் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். கேமரன் மலையில் காய்கறித் தோட்டங்களுக்குப் பச்சைக் கோழி எருவைக் கொட்டி ஈப்பண்ணை ஆன கதையை நாடே பார்த்தது. குவித்து, மூடி, உள்ளே கை வைக்க முடியாத சூடு வரும்வரை மக்க வைத்தால் புழுவும் சாகும், நாற்றமும் அடங்கும். அதற்குக் கூரை போட்ட தனி இடமும், புரட்ட ஆளும் வேண்டும். கம்பெனிக் கணக்கில் அந்தச் செலவு இருக்கிறதா?

மழை வந்தால் ஓடை வேறு. எருவின் சத்து தண்ணீரில் இறங்கினால் பாசி பிடிக்கும், மீன் மூச்சுத் திணறும். ஆற்றில் அமோனியா ஏறிவிட்டால் குடிநீர் சுத்திகரிப்பு நிலையமே தண்ணீர் எடுப்பதை நிறுத்த வேண்டியிருக்கும். உங்கள் விஷயத்தில் ஓடைக்குக் கீழே பள்ளிக்கூடம் இருக்கிறது என்பதைப் படித்ததும்தான் எனக்கு முடிவு உறுதியானது.

நோயைப் பற்றிப் பேராக்காரர்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. 1998இல் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில்தான் நிப்பா என்கிற வைரஸ் நோய் முதலில் தலைகாட்டியது. பழந்தின்னி வௌவால் பன்றிக் கொட்டடியை ஒட்டிய பழமரங்களில் வந்து கடித்துப் போட்ட மிச்சம் பன்றிக்குப் போனது, பன்றியிலிருந்து மனிதனுக்கு வந்தது. ஆரம்பத்தில் கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துப் புகை அடித்தார்கள். அதற்குள் பன்றிகளை லோரியில் ஏற்றித் தெற்கே விற்க, நெகிரி செம்பிலான் புக்கிட் பெலாண்டோக்கில் அது வெடித்தது. 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். வௌவால் காலங்காலமாக இருந்ததுதான். ஆயிரக்கணக்கான பன்றிகள் ஒரே இடத்தில் நெருக்கியடித்து, புதுப்புதுக் குட்டிகள் வந்துகொண்டே இருந்ததால் கிருமிக்கு அணையாத அடுப்பு கிடைத்தது. கோழிக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். 2004இல் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

மருந்து விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நெருக்கத்தில் ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வரும் என்பதால் மொத்தக் கூட்டத்துக்கும் தண்ணீரில் ஆன்டிபயாட்டிக் கலக்கும் பழக்கம் உண்டு. மனிதர்களுக்கு வேறெதுவும் கேட்காதபோது மருத்துவமனையில் எடுக்கும் கொலிஸ்டின் என்கிற மருந்துகூட முன்பு தீவனத்தில் போனது. 2019 ஜனவரி முதல் நம் அரசாங்கம் அதைத் தடை செய்தது. நல்ல காரியம். மருந்துக்குப் பழகிய கிருமி எருவோடும் தண்ணீரோடும் வேலையாள் கையோடும் வெளியே வருகிறது என்பதால்தான் இந்தத் தடை.

பூமி சூடாவது பற்றி மகள் பேசியிருப்பாள். அதில் கோழியைவிட மாடுதான் பெரிய குற்றவாளி. கோழியின் பங்கு பெரும்பாலும் அதன் தீவனத்தில் இருக்கிறது. நம் கோழி தின்னும் மக்காச்சோளமும் சோயாவும் அர்ஜென்டினா, பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? நம் செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு நியூசிலாந்துக்குப் போய் அங்கே பால் மாடுகளுக்குத் தீவனமாகிறது, அந்த ஊர்ப் பால்மாவு நம் மளிகைக் கடைக்குத் திரும்பி வருகிறது. தோட்டத்து லயன் வீடுகளுக்குப் பின்னால் நம் பெற்றோர் கட்டி வளர்த்த மாடுகளைத் தோட்ட நிர்வாகங்கள் ஒவ்வொன்றாக விரட்டிய பிறகு நடக்கிற வியாபாரம் இது.

"வேற எவனாச்சும் வளர்ப்பான்" என்கிறார் தம்பி. நாட்டளவில் அது உண்மை. மலேசியர்கள் உலகத்திலேயே அதிகம் கோழி தின்பவர்களில் சேர்த்தி. 2022 ஜூனில் கோழி தட்டுப்பாடு வந்து மாதம் 36 லட்சம் கோழி ஏற்றுமதியை அரசாங்கம் நிறுத்தி வைத்தபோது ஊர் பட்ட பாட்டைப் பார்த்தோம். மலிவான கோழி ஏழை வீட்டுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது தோட்டத்தில் பிறந்த எவருக்கும் தெரியும், அதைக் கேலி செய்ய நான் தயாராக இல்லை. ஆனால் வேறு எவனோ வளர்த்தால் அது வேறு ஓடை, வேறு பள்ளிக்கூடம். அடகு வைக்கிற நிலமும் வேறு எவனுடையதோ.

ஒப்பந்தத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனி தரும். கொட்டகை, மின்சாரம், தண்ணீர், கூலி உங்களுடையது. எடையும் இறப்பும் தீவனக் கணக்கும் பார்த்துக் கூலி தருவார்கள். எத்தனை கோழி அடைப்பது, எந்த ரகம், எந்த நாளில் பிடிப்பது, எதுவும் தம்பி கையில் இருக்காது. சந்தை மந்தமானால் அடுத்த குஞ்சு வரத் தாமதமாகும், வங்கித் தவணை தாமதிக்காது. அதனால் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள்: ஆண்டுக்குக் குறைந்தது எத்தனை கூட்டம் உறுதி? கடன் எத்தனை வருடமோ அத்தனை வருடம் ஒப்பந்தம் இருக்குமா? கரண்ட் போய்ச் செத்தால் நட்டம் யாருக்கு? நெருக்கம் அதிகம் என்று தோன்றினால் குறைத்து அடைக்கத் தம்பிக்கு உரிமை உண்டா? எருவை மக்க வைக்கும் செலவில் பங்கு தருவார்களா? இந்தக் கடைசி இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால் என் பேச்சை நான் மாற்றிக்கொள்வேன், ஓடையிலிருந்து தள்ளிக் கட்டினால்.

தம்பிக்குக் கோழிதான் ஆசை என்றால் சின்னதாகச் செய்ய வழி உண்டு. கம்பத்துக் கோழி, அதாவது நாட்டுக்கோழி ரகத்தில் 500 குஞ்சு, உள்ளே இரவுக் கொட்டகை, பகலில் மரத்தடி. மார்டி என்கிற அரசாங்க விவசாய ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய ஆயாம் சாகா மாதிரி ரகங்கள் இருக்கின்றன. மூன்று மாதம் பிடிக்கும். கிலோவுக்கு விலை அதிகம் கிடைக்கும், தீபாவளி, ஆடிப் படையல், சீனப் பெருநாள் என்று வாங்க ஆளும் இருக்கும். ஆனால் இதில் லட்சாதிபதி ஆக முடியாது. வெள்ளைக் கழிச்சல் (நியூகாசில்) நோய்க்குத் தடுப்பு மருந்தைத் தவறாமல் கொடுக்க வேண்டும், உடும்பும் மலைப்பாம்பும் மரநாயும் உங்களுக்கு முன்பே கோழியை எண்ணி வைத்திருக்கும். இன்னொன்றும் மகளுக்குத் தெரியட்டும். மெதுவாக வளரும் கோழி அதே எடைக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு தீவனம் தின்னும். கோழிக்கு நல்லது, கப்பலில் வரும் சோளத்துக்கு நல்லதல்ல. வாரம் ஐந்து நாள் பண்ணைக் கோழி தின்பவர் வாரம் ஐந்து நாள் கம்பத்துக் கோழி தின்ன ஆரம்பித்தால் காடு தப்பாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோழி என்று நம் வீடுகளில் இருந்த வழக்கம் வறுமையால் வந்ததுதான், இருந்தாலும் கணக்கு அங்கேதான் நேராகிறது.

வீட்டுச் சண்டைக்கு ஒரு யோசனை. மாமாவும் மருமகளும் சேர்ந்து அந்தக் கம்பெனியின் ஒப்பந்தப் பண்ணை ஒன்றைப் போய்ப் பார்க்கட்டும். புதுக் குஞ்சு விட்ட வாரத்தில் கூட்டிப் போகத்தான் கம்பெனிக்காரர் விரும்புவார், அப்போது எல்லாம் மஞ்சளாக அழகாக இருக்கும். 30ஆம் நாளுக்கு மேல் போகச் சொல்லுங்கள். செருப்பு மாற்றி, கை கழுவிவிட்டு உள்ளே போக வேண்டும். எரு எங்கே கொட்டுகிறார்கள் என்பதைக் கொட்டகைக்குப் பின்னால் நடந்து பார்க்கட்டும். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஈ எப்படி என்று கேட்கட்டும்.

அதற்கு முன் நீங்கள் கோலகங்சார் நில அலுவலகத்துக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். நிலக் கிராண்டில் (நிலப் பட்டாவில்) எதற்கான நிலம் என்று ஒரு நிபந்தனை எழுதியிருக்கும். ரப்பர் மட்டும் என்று இருந்தால் கொட்டகை கட்டுமுன் மாற்ற வேண்டும். மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தில் பண்ணை உரிமம், வீடுகளிலிருந்தும் நீர்நிலையிலிருந்தும் விட வேண்டிய தூரம், மைகேப் என்கிற நல்ல பண்ணைமுறைச் சான்றிதழ் மூன்றையும் கேளுங்கள். அந்தத் தூரத்தை உங்கள் நிலத்தில் நீங்களே நாடா பிடித்து அளந்து பாருங்கள். இரண்டரை ஏக்கரில் ஓடையையும் தாமானையும் ஒதுக்கிவிட்டு அவ்வளவு பெரிய கொட்டகைக்கு இடம் மிஞ்சுமா என்பதே எனக்குச் சந்தேகம். மிஞ்சாவிட்டால் கம்பெனிக்குக் கடிதம் எழுதும் வேலைகூட உங்களுக்கு இல்லை.